பெட்டி தூக்கும் நேரத்துப் பாட்டு

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
12 ஓகஸ்ட் 2024

ஜெனிதாவுக்கு,

செத்தாலும் உன்னோடு கதைக்க மாட்டேன் என்று பாலையூற்று மாதாவுக்கு முன்னால் சொன்னவள் நான். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். இதைக் கண்டுவிட்டுப் போன் எடுக்காதே. எடுத்தால் வைத்துவிடுவேன்.

நீ பலெர்மோவில் சுகமாக இருப்பாய். நானும் இருக்கிறேன். சுகம் விசாரித்து முடிந்தது.

எனக்கு வயது போகிறது. என்ர செத்தவீட்டுக்கு வேண்டியதை நானே பார்த்து வைக்கிறேன். பெட்டிக்காரனிடம் சொல்லியாயிற்று. சேலை அலுமாரியில் மேல் தட்டில் இருக்கிறது. பாட்டு மட்டும்தான் பாக்கி. உன்ர அப்பாவுக்கு நடந்தது எனக்கு நடக்கக் கூடாது.

நீ மறந்திருப்பாய். பக்கத்தில் நின்றிருந்தால்தானே நினைவிருக்கும். நான் சொல்கிறேன், கேள்.

ஸ்பீக்கர் செட் கொண்டுவந்தது குறிஞ்சாக்கேணி அலியார். நீ செய்து அனுப்பிய பாட்டுத் தொகுப்பை அவர் தன்ர போனில் போட்டார். காலையிலிருந்து ஒரு குறையும் இல்லை. வாசலில் வைத்த மலர்வளையத்தை ஊருக்குள் திரிகிற மான் வந்து தின்றுவிட்டுப் போனது, அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பங்குச் சுவாமி செபம் சொல்லி முடித்தார். பெட்டி மூடியாயிற்று. துறைமுகத்தில் அப்பாவோடு கப்பலுக்குக் கயிறு கட்டிய ஆட்கள் வந்து பெட்டியைத் தூக்கினார்கள். மாதா தன்ர மகனை மடியில் ஏந்தி அழுகிற பாட்டு. அந்த மடியில் ஏந்துகிற இடம் வந்தது. டக்கென்று நின்றது. ஒரு பெட்டை கீச்சுக் குரலில், “உங்கள் புன்னகை பளிச்சிட ஒரு காரணம் சொல்லுங்கள்!” என்றாள். பிறகு மணி அடித்தது. பல்லுப் பசை விளம்பரம். முழுச் சத்தத்தில். இறங்குதுறை வரைக்கும் கேட்டிருக்கும்.

பெட்டியைத் தூக்கியவர்களுக்குக் காலை முன்னே வைப்பதா என்று தெரியவில்லை. அப்படியே நின்றார்கள். பக்கத்து வீட்டுப் பற்றிக்கின் பெண்சாதி ஐவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். அழுகிறாள் என்று சனம் நினைத்தது. தோள் குலுங்கினதை நான் பார்த்தேன். சிரித்தவள். அன்றிலிருந்து கோயிலில் அவள் இருக்கிற வாங்கில் நான் இருப்பதில்லை.

சேமக்காலையில் குழியடியிலும் அவள்தான் முன்னுக்கு வந்தாள். “ஜெனிதாவுக்காக நான் ஒரு பிடி மண் போடுறன் அக்கா” என்று குனிந்தாள். “வை கீழ” என்றேன். பெற்ற பிள்ளையின் மண்ணை ஊரார் போடக் கூடாது. உன்ர பங்கு மண் இல்லாமல்தான் அப்பாவை மூடினார்கள்.

அந்தத் தொகுப்பைச் செய்தவள் நீ. நீயே இப்போது சரியான ஒன்றைச் செய்து தா. விளம்பரம் வரக் கூடாது. பாதியில் நிற்கக் கூடாது. இதை வேறு ஆளிடம் கேட்டால் ஊர் முழுக்கக் கதையாகும்.

உன்னைப் பெற்றவள்,
எமில்டா


பலெர்மோ
9 செப்ரெம்பர் 2024

என் அம்மாவுக்கு,

தபால்பெட்டியில் உங்கள் கையெழுத்தைக் கண்டதும் வீட்டுக்கு ஏறிப் போகப் பொறுக்கவில்லை. படிக்கட்டில் இருந்தே வாசித்தேன். நீங்கள் என்னைத் திட்டுகிற எழுத்தும் வடிவாகத்தான் இருக்கிறது.

விளம்பரம் எப்படி வந்தது என்று அன்றைக்கே போனில் சொல்லத் தொடங்கினேன். நீங்கள் வைத்துவிட்டீர்கள். இப்போதாவது சொல்ல விடுங்கள். இங்கே நான் மாதாமாதம் கட்டிப் பாட்டுக் கேட்கிறவள். கட்டினவர்களுக்கு விளம்பரம் வராது. அந்தத் தொகுப்பை நான் முதலிலிருந்து கடைசிவரை கேட்டுப் பார்த்துத்தான் அனுப்பினேன். ஒரு வெட்டும் இல்லை. அலியார் அண்ணனின் போன் கட்டாத போன் என்று எனக்கு ஓடவில்லை. அப்பா போன செய்தி வந்த அன்று எனக்கு ஒன்றுமே ஓடவில்லை அம்மா.

வராததைப் பற்றியும் எழுதுகிறேன். இந்த நாட்டில் இருப்பதற்கான காகிதத்தைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். அது கையில் இல்லாமல் வெளியே போனால் திரும்ப உள்ளே வர ஏலாது. மகள் நதீஷா இங்கே பள்ளிக்கூடம் போகிறாள். நான் வேலைக்கு நின்று பார்க்கிற வயதான அம்மாவுக்கு எழும்பி நடக்க ஏலாது, அவவை விட்டால் வேலையும் இல்லை. அந்தக் காகிதம் இன்னும் வரவில்லை. போன கிழமையும் போய்க் கேட்டேன். ‘பொறு’ என்றார்கள்.

தொகுப்புச் செய்கிறேன். இந்தப் பாட்டுச் செயலியில் விதம்விதமான தொகுப்புகளைத் தயாராக வைத்திருக்கிறார்கள். மழை நாளுக்கு, சமையலுக்கு, ஓட்டப் பயிற்சிக்கு, நித்திரைக்கு, காதல் முறிந்தவர்களுக்கு. செத்தவீட்டுக்கு என்று தேடினேன். இல்லை. நானேதான் பொறுக்க வேணும். எந்தெந்த நேரத்துக்கு என்ன பாட்டு என்று எழுதுங்கள்.

இன்னொன்று. ஏன் இப்போது கேட்கிறீர்கள்? உடம்புக்கு ஏதாவது செய்கிறதா?

உங்கள்
ஜெனிதா


திருகோணமலை
7 ஒக்ரோபர் 2024

ஜெனிதாவுக்கு,

ஏன் இப்போது என்று கேட்காதே. செத்த பிறகா கேட்க ஏலும்?

செத்தவீட்டுக்குத் தொகுப்பு இல்லையாம். காதல் முறிந்தவர்களுக்கு இருக்கிறதாம். சாகாத சனத்துக்காகத்தான் அந்தக் கொம்பனி நடத்துகிறார்கள் போலிருக்கிறது.

உன்ர காகிதக் கதையை வாசித்தேன். நம்பினேன் என்று எழுத மாட்டேன். வாசித்தேன்.

ஒழுங்கு சொல்கிறேன், பிசகாமல் எடு. பெட்டி வீட்டுக்குள் இருக்கும்போது மெதுவான பாட்டு, வந்த சனம் தங்களுக்குள் கதைக்கட்டும். சுவாமி வந்து செபம் முடிந்த பிறகு இயேசுவின் பாடுகள் பற்றின பாட்டு. மூடுகிற நேரம் மாதாவின் பழைய வியாகுலப் பாட்டு. தூக்கும்போது அதே மடியில் ஏந்துகிற பாட்டு. அதையேதான் எடு. அப்பாவுக்குப் பாதியில் நின்றது எனக்கு முழுக்க ஓடி முடிய வேணும். சேமக்காலையில் கடைசியாக, நீ பாட்டுக் குழுவில் நின்று பாடுகிற மாதா பாட்டு. நீ பாடினது அதில் இருக்காது. உன்னைவிட நன்றாகப் பாடினவளாகப் பார்த்து எடு.

கிற்றார் வேண்டாம். கைதட்டு வேண்டாம். பாடுகிறவன் அழக் கூடாது. பாடுகிறவனே அழுதுவிட்டால் பிறகு நாங்கள் எதற்கு?

அலியாரைக் கூப்பிட்டு அனுப்பினேன். லோஞ்சுப் படகில் வந்து இறங்கிப் படலையிலேயே நின்றார்.

“எமில்டாக்கா, என்னோட கோவந்தானே?”

“கோவந்தான். உள்ள வாங்கோ.”

விசயத்தைச் சொன்னேன். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “முப்பது வருசமா செட் வாடகைக்கு விடுறன். தன்ட மவுத்துக்குத் தானே சொல்லிவெச்ச ஆள் நீங்கதான்.”

“அட்வான்ஸ் தரவோ?”

“வேணாம். நீங்க என்ன ஏசுறதுக்கு இன்னும் மிச்சம் இரிக்கி. அத முடிச்சிட்டுப் பொறவு போங்க.”

அவருக்கும் அன்றைக்கு அவமானம்தானாம். ஒரு கிழமை சோறு இறங்கவில்லையாம். நம்பினேன் என்று அவரிடமும் சொல்லவில்லை. தேத்தண்ணி கொடுத்தேன்.

அப்பாவின் போன் என்னிடம்தான் இருக்கிறது. அதில் போடுகிறதற்கு வழி சொல்லு.

எமில்டா


பலெர்மோ
4 நவம்பர் 2024

அம்மா,

தொகுப்பு முடிந்தது. முடித்த கதையைச் சொல்கிறேன், உங்களுக்குச் சிரிப்பு வராவிட்டாலும்.

தமிழ் எழுத்தில் தேடினால் ஒரு கூட்டம் பாட்டு வருகிறது. அதே சொல்லை ஆங்கில எழுத்தில் தேடினால் வேறு கூட்டம் வருகிறது. ‘தவக்காலம்’ என்று போட்டேன். முதல் பாட்டிலேயே மேளம், விசில். ‘மாதா’ என்று போட்டேன், ஏதோ படத்துப் பாட்டு. ‘சோகம்’ என்றால், மழையில் நனைகிற பெட்டையின் படத்தோடு நூறு காதல் பாட்டு. வேலைவீட்டு அம்மா பின்னேரம் நித்திரை கொள்ளும் நேரத்தில் குசினியில் இருந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். கொஞ்சம் கேட்பேன், கிற்றார் வரும், தள்ளுவேன்.

பிறகு ஒருநாள் யாரோ முன்பின் தெரியாத ஆள் செய்து வைத்த தொகுப்பு ஒன்று கிடைத்தது. பெயர் ‘மம்மி போன நாள்’. எந்த ஊர் ஆளோ தெரியாது. அதில் எல்லாம் இருந்தது அம்மா. நீங்கள் கேட்ட பழைய வியாகுலப் பாட்டும் இருந்தது. நீங்கள் சொன்ன மாதிரியே பாடினவர் அழவில்லை. அந்தத் தொகுப்பை என்னைத் தவிர ஒருவரும் பிடித்து வைக்கவில்லை என்று காட்டியது. அந்த ஆளுக்கு நன்றி சொல்ல வழி தேடினேன். அந்தச் செயலியில் அதற்கு இடம் இல்லை.

உங்களுக்குப் புதுக் கணக்குத் தேவையில்லை. என்ர கணக்கையே அப்பாவின் போனில் போடலாம். விளம்பரம் வராது. பெயரும் கடவுச்சொல்லும் தனித் தாளில் வைத்திருக்கிறேன், அலியார் அண்ணனிடம் கொடுங்கள். சிக்னல் இருந்தால் காணும், பாட்டு ஓடும்.

தொகுப்புக்கு ‘அம்மா’ என்று மட்டும் பெயர் வைத்தேன். நதீஷா எட்டிப் பார்த்து, “ஏன் உங்கட அம்மாவுக்கு இவ்வளவு அழுகைப் பாட்டு?” என்று கேட்டாள். அம்மம்மாவுக்குப் பாட்டில் நல்ல ருசி என்று சொன்னேன்.

உடம்பைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் எழுதவில்லை.

ஜெனிதா


திருகோணமலை
2 டிசெம்பர் 2024

ஜெனிதாவுக்கு,

தாள் வந்தது. அலியார் போட்டுத் தந்தார். அன்று பின்னேரம் கதிரையை யன்னலடியில் போட்டு, முழுக்கக் கேட்டேன். மா மில்லுக்கு வந்த கப்பல் நடுவில் ஊதிக் குழப்பியது. அதற்கு நீ பொறுப்பில்லை.

மூன்றாவது பாட்டுக்காரி மூக்கால் பாடுகிறாள், மாற்று. மற்றவை பரவாயில்லை. கடைசிப் பாட்டுப் பாடுகிறவள் உன்னைவிட நன்றாகப் பாடவில்லை. ஆனால் இருக்கட்டும்.

இப்போது நான் எழுத வந்த விசயம். போன வியாழக்கிழமை தூக்குகிற பாட்டைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். மடியில் ஏந்துகிற இடம் வந்தது. டக்கென்று நின்றது. அதே இடம். ஜெனிதா, அதே இடம்! இந்த முறை பல்லுப் பசைகூட வரவில்லை. ஒன்றும் வரவில்லை. நெஞ்சு அடித்த அடியில் எழும்பி நிற்க ஏலாமல் கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். திரையில் எனக்கு வாசிக்கத் தெரியாத பெயர்.

அலியார் வந்து பார்த்தார். “ஒங்கட போன்ல ஓடல்லக்கா. வேற எங்கயோ ஓடுது” என்றார்.

வீட்டில் நான் ஒருத்தி. வேறு எங்கே ஓடும்? “பேய் கீய் புடிச்சிட்டோ?” என்றேன். “இத்தாலிப் பேய் போல” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

காசு கட்டின பாட்டும் நிற்குமென்றால் நீ செய்து தந்தது எதற்கு? என்னையும் ஐவிக்கு முன்னால் நடுவழியில் நிறுத்தி வைக்கப் போகிறாயா?

எமில்டா


பலெர்மோ
28 டிசெம்பர் 2024

அம்மா,

இத்தாலிப் பேய் நான்தான்.

ஒரு கணக்கு ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் பாடும். நீங்கள் அமத்தினால் இங்கே என்னுடையது நிற்கும். நான் அமத்தினால் அங்கே உங்களுடையது நிற்கும். அன்றைக்கு நீங்கள் கேட்டுக்கொண்டிருந்ததைக் கவனிக்காமல் நதீஷாவுக்கு ஒரு பாட்டுப் போட்டேன். மன்னியுங்கள். ஒருவர் கேட்பது மற்றவரின் திரையில் தெரியும். இங்கிருந்தபடியே உங்கள் போனில் ஓடுவதை நான் நிப்பாட்டவும் ஏலும்.

முதல் தரம் நீங்கள் அமத்தி என்னுடையது நின்ற அன்று குசினியில் சூப்புக் கிண்டிக்கொண்டிருந்தேன். பாட்டு நின்றது. கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். திரையில் ‘அப்பாவின் போன்’ என்று வந்திருந்தது. அந்தப் போனை வாங்கி அனுப்பும்போது அந்தப் பெயரை வைத்தது நான்தான், மறந்தே போனேன். அதற்குக் கீழே வியாகுலப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் யன்னலடியில் கதிரை போட்டிருப்பீர்கள் என்று நினைத்தேன். அங்கேதான் போட்டிருந்தீர்கள் என்று இப்போது கடிதத்தில் கண்டேன். அடுப்பை அணைத்துவிட்டுப் பாட்டு முடியும்வரை நின்றேன். என் போனில் சத்தம் வராது, பெயர் மட்டும் ஓடும். எனக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு பழகிவிட்டது. பாட்டு இடையில் நின்றால் நதீஷா, “அம்மம்மா எடுத்திட்டா” என்பாள். நாங்கள் இரண்டு பேரும் ஓடுகிற பெயரைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

நிற்காமல் ஓட வைக்க வழி இருக்கிறது. முதலிலேயே இருந்தது. தொகுப்பின் பெயருக்குக் கீழே, கீழ்நோக்கிய அம்பு ஒன்று இருக்கும். அதை அமத்தினால் பாட்டெல்லாம் அந்தப் போனுக்குள்ளேயே இறங்கும். அம்பு பச்சையானால் முடிந்தது. பிறகு சிக்னலைத் துண்டித்துவிட்டுப் போடலாம். நான் குறுக்கிட ஏலாது. சிக்னல் போனாலும் நிற்காது. ஒன்று மட்டும், மாதத்துக்கு ஒருக்காவாவது போனைச் சிக்னலில் போட வேணும். போடாவிட்டால் இறக்கினது அழிந்துபோகும்.

இறக்கிவிட்டால் நீங்கள் கேட்பது எனக்குத் தெரியாது. அதனால்தான் சொல்லவில்லை. ஏசுங்கள்.

ஜெனிதா


திருகோணமலை
27 ஜனவரி 2025

ஜெனிதாவுக்கு,

ஒளிந்திருந்து பார்த்தாயா? நான் என்ன கேட்கிறேன், எப்போது கேட்கிறேன் என்று பெற்ற தாயைக் களவாகப் பார்த்தாயா? உன்னோடு கதைப்பதில்லை என்று நான் இருக்க, நீ என்ர வீட்டுக்குள் வந்து குந்தியிருந்திருக்கிறாய்.

மாதத்துக்கு ஒருக்கா சிக்னலில் போட வேணுமாம். நான் இன்னும் சாகவில்லை என்று மாதாமாதம் அந்தக் கொம்பனிக்கு அறிவிக்க வேணுமோ? பென்சன் எடுக்கிற சனம் அரசாங்கக் கச்சேரிக்குப் போய்ச் சொல்வது மாதிரி.

இனி இறக்கித்தான் வைப்பேன். அலியாரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் மூதூரில் ஒரு கலியாணத்துக்குச் செட் கட்டப் போய்விட்டார், வந்ததும் செய்வார். இங்கே அதற்கு வசதியும் இல்லை. கட்டிலடியில் பிளக் இல்லை, போன் கெதியாகச் செத்துப்போகிறது. தாதிமார் அறையில் கொடுத்துத்தான் ஏற்ற வேணும். ஒரு தாதிப் பிள்ளை, கஜந்தி, நல்ல பிள்ளை. “அம்மா, வாட்டில இந்தப் பாட்டுப் போடாதேங்கோ, மற்ற நோயாளியள் பயப்பிடீனம்” என்று காதுக்குள் மாட்டுகிற வயர் ஒன்று தந்தாள்.

நத்தார் பண்டிகைக்குப் பிறகு ஒருநாள் நான் போட்டது நின்று, திரையில் உன்ர பாட்டின் பெயர் ஓடியதே. பாஷை விளங்கவில்லை. பெயரைக் கஜந்தி வாசித்துக் காட்டினாள். பிறகு அதையே தேடி எனக்குப் போட்டுத் தந்தாள். வடிவான பாட்டு. அதை நதீஷாவுக்குத்தான் போட்டாயா?

மூக்கால் பாடுகிறவளை இன்னும் மாற்றவில்லை.

எமில்டா


பலெர்மோ
20 பெப்ரவரி 2025

அம்மா,

தாதிமார் அறை என்று எழுதியிருக்கிறீர்கள். வாட் என்று எழுதியிருக்கிறீர்கள்.

போன் எடுத்தேன். நீங்கள் சொன்னபடியே வைத்துவிட்டீர்கள். அலியார் அண்ணனுக்கு எடுத்தேன். அவர் சொல்ல விரும்பவில்லை. நான் விடவில்லை. இருதயம் வீங்கியிருக்கிறதாம். நெஞ்சுக்குள் நீர் கட்டுகிறதாம். எடுக்க எடுக்கத் திரும்பக் கட்டுகிறதாம். ஓகஸ்ட் மாதமே மருத்துவர் உங்களிடம் நேரே சொல்லிவிட்டாராம். அன்று பின்னேரம்தானே எனக்கு முதல் கடிதம் எழுதினீர்கள்?

நான் வருகிறேன். காகிதம் போனால் போகட்டும். நதீஷாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், அவள் அங்கேயே படிக்கட்டும். வேலைவீட்டு அம்மாவின் மகளிடம் சொல்லிவிட்டேன். பயணச்சீட்டுக்கு ஆளைப் பார்த்தாயிற்று, தவக்காலத்துப் பெரிய கிழமைக்கு முதல் வந்துவிடுவேன். அப்பாவுக்கு விட்ட பிழையை இரண்டாம் தரம் விட மாட்டேன்.

பதில் எழுத வேண்டாம்.

ஜெனிதா


திருகோணமலை
3 மார்ச் 2025

ஜெனிதா பிள்ளைக்கு,

வராதே.

இந்தக் கடிதத்தை அலியார் படம் பிடித்து உன்ர போனுக்கு அனுப்புவார். தபாலை நம்பினால் நீ விமானத்தில் ஏறிவிடுவாய். கதைப்பதில்லை என்ற சொல் அப்படியே இருக்கட்டும். மாதாவுக்கு முன்னால் சொன்னது.

நீ வரவில்லை என்று ஊர் முழுக்கச் சொன்னவள் நான். இப்போது வராதே என்று சொல்கிறவளும் நான்தான். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள். நீ காகிதத்தை எறிந்துவிட்டு வருவாய். நான் ஒரு கிழமை இருப்பேன், கூடிப்போனால் ஒரு மாதம். பிறகு நீ அந்தப் பிள்ளையோடு இந்த வீட்டில், என்ர கதிரையில் இருந்துகொண்டு, கிழவிக்காக எல்லாம் போச்சு என்று என்னை ஏசுவாய். வாயால் ஏச மாட்டாய், மனதால் ஏசுவாய். உன்னிடம் ஏச்சு வாங்க எனக்கு விருப்பமில்லை. ஏசுகிறவள் நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

நேற்று வீட்டுக்கு விட்டார்கள். இனி ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றுமில்லையாம். ஐவி கஞ்சி கொண்டுவந்தாள். குடித்தேன். பல்லுப் பசையை மறந்துவிட்டேன் என்று நினைக்கிறாள். மறக்கவில்லை.

அலியாரும் வந்தார், பாட்டை இறக்க. நீ சொன்ன அந்த அம்பில் விரலை வைக்கப் போனார்.

“எடுங்கோ கையை” என்றேன்.

“இறக்கத்தானேக்கா கூப்பிட்டீங்க?”

“இறக்க வேண்டாம்.”

“அண்டைக்கு சிக்னல் போனா நடுவுல நிக்கும். பொறவு ஊரே என்னத்தான் ஏசும்.”

“நிண்டால் நிக்கட்டும்.”

அவர் என்ர முகத்தைப் பார்த்தார். பிறகு போனை மெதுவாக மேசையில் வைத்தார். “மகள் பாக்கணும், அதான?” என்று கேட்டார். தேத்தண்ணி போட ஏலாமல் கிடந்தேன், அவரே குசினிக்குள் போய்ப் போட்டுக் குடித்தார்.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேள்.

ஒருநாள் நீ கேட்கிற பாட்டு நிற்கும். ‘அப்பாவின் போன்’ என்று வரும். நான் காதில் வயர் மாட்டிக் கேட்கிறேனா, இல்லையா என்று உனக்குச் சந்தேகம் வேண்டாம். இன்றிலிருந்து நான் அந்தத் தொகுப்பைப் போட மாட்டேன். கேட்க வேண்டுமென்றால் நதீஷாவின் பாட்டைக் கேட்பேன். தொகுப்பு ஓடினால் அதுதான் அந்த நாள்.

முதல் பாட்டு ஓடும்வரை நான் வீட்டுக்குள் இருக்கிறேன். பாடுகள் பற்றின பாட்டு வந்தால் சுவாமி செபம் சொல்லிவிட்டார். வியாகுலப் பாட்டு வந்தால் மூடுகிறார்கள், நீ என்ர முகத்தை நினைத்துக்கொள். மடியில் ஏந்துகிற பாட்டு வந்தால் தூக்கிவிட்டார்கள். கோயிலுக்குள் ஒன்றும் ஓடாது, பூசை. அந்த நேரம் நீயும் முழங்காலில் இரு.

இதற்கிடையில் உன்ர போனைத் தொடாதே. நதீஷாவின் கையிலும் கொடாதே. நீ தொட்டால் என்ர பாட்டு அங்கே நின்றுவிடும். ஐவி முன்வரிசையில்தான் நிற்பாள்.

சேமக்காலைக்கு அலியார் சின்ன ஸ்பீக்கர் பெட்டியை முச்சக்கரவண்டியில் கொண்டுவருவார். அங்கே உன்ர மாதா பாட்டு. அதைத் திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்துவிடுவார். சுவாமி மண் போடுவார். பிறகு சொந்தக்காரர், பிறகு ஊர்ச் சனம். உனக்காகப் போடுகிறேன் என்று ஒருவரும் குனியக் கூடாது, சொல்லி வைத்திருக்கிறேன். எல்லாரும் போட்டு முடிந்தாலும் பாட்டு ஓடும். அலியார் அதில் கை வைக்க மாட்டார். எனக்குச் சத்தியம் செய்து தந்திருக்கிறார்.

நீ நிப்பாட்டு. அங்கேயிருந்து ஏலும் என்று எழுதினாயே. உன்ர விரலால் நிப்பாட்டு. அதுதான் உன்ர பங்கு மண். அது விழுந்த பிறகுதான் என்னை மூடுவார்கள், மண்வெட்டிக்காரனுக்கும் சொல்லியாயிற்று.

அவசரப்படாதே. அழுது முடித்துவிட்டு நிப்பாட்டு. அதுவரைக்கும் சனம் வெயிலில் நிற்கட்டும்.

அம்மா